எண்ணெய் போகாத தண்ணீர்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவனுக்கு வருஷத்தில் மூன்று மாதம்தான் வேலை. ஆனியில் சாரல் விழ ஆரம்பித்தால் ஆவணி முடியக் கை ஓயாது. மற்ற மாதங்களில் நான் தென்காசியில் ஒரு மரக்கடையில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வேலையிலும் பேச்சு குறைவு. அதனாலேயே இரண்டும் எனக்குப் பிடித்தன.

ஆட்களின் முகத்தைப் பார்த்து எனக்குப் பேச வராது. எட்டாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் வாய் திறக்காது. அந்த வருஷத்தோடு படிப்பும் நின்றது. எண்ணெய் தேய்ப்பதில் அந்தத் தொந்தரவு கிடையாது. வருகிறவர் கல்லில் உட்கார்ந்து முதுகைக் காட்டுவார். முதுகு என்னிடம் எதையும் கேட்காது, நான்தான் அதைக் கேட்க வேண்டும். எங்கே நரம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது, எலும்புக்குப் பக்கத்தில் எங்கே சதை கட்டியாகிப் போயிருக்கிறது என்று விரல் வைத்ததும் தெரிந்துவிடும். என் கூச்சமெல்லாம் வாயோடு சரி. கைக்கு அது வந்ததே இல்லை.

தேய்த்து முடித்து, “போங்க” என்று ஒரு சொல் சொல்வேன். அவர் எழுந்து அருவிக்குள் போய் நிற்பார். மேலேயிருந்து விழுகிற தண்ணீர் தோளிலும் முதுகிலும் அடிக்கும். கால் மணி நேரம் கழித்து வெளியே வரும்போது உடம்பில் எண்ணெய் இருக்காது, வலியும் பாதி இருக்காது. அடுத்தவர் கல்லில் வந்து உட்கார்ந்திருப்பார்.

அப்படி வருஷா வருஷம் என் கல்லில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆடிக் காற்றில் கடல் கலங்கி அடி தெரியாமல் போய்விடும் என்பதால் அவருக்கு அந்த மாதங்களில் ஓய்வு. எனக்கோ அதுதான் சீசன். ரயிலில் தென்காசிக்கு வந்து இறங்கி, ஒரு வாரம் தங்கி, தினமும் காலையில் வருவார். நாற்பது வயதிருக்கும். தோல் உப்பில் ஊறி ஊறிக் கருத்து, தொட்டால் தவிட்டின் மேல் கை வைத்தது போல நறநறவென்று இருக்கும். உள்ளே சதை மட்டும் இரும்பு. என் கட்டைவிரல் வலித்தது அவர் தோளில் மட்டும்தான்.

நான் சொல்லப்போகிறது, செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆன பிறகு நடந்தது. அந்த ஆடியில் அவர் ஊருக்குத் திரும்புகிற நாள். வலது தோளில் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். நான் பின்னால் நின்று கையைத் தூக்கி இழுத்தேன்.

“இன்னும் இழுலே. என்ன, பொம்பளைப் பிள்ளைக்குச் சடை போடுதியா?” என்றார்.

இன்னும் இழுத்தேன். படக்கென்று ஒரு சத்தம். இருவரும் சிரித்தோம். அவர் கையைச் சுழற்றிப் பார்த்துவிட்டு அருவிக்குள் போனார்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு தபால் கார்டு வந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. யாரையோ வைத்து எழுதியிருந்தார். ‘நீ இழுத்துவிட்ட வலது கை காதுக்கு மேல் எழும்பவில்லை. தையில் கடல் தெளிந்ததும் எங்கள் வள்ளம் தீவுக்குப் போகும். நான் முங்காவிட்டால் தண்டல் வேறு ஆள் வைத்துக்கொள்வார். வந்து பார்க்கவும்.’ வள்ளம் என்பது அவர்கள் பாய்மரப் படகு, தண்டல் அதன் தலைவர். அவர் சொல்தான் அங்கே சட்டம்.

கார்டை மூன்று தரம் படித்தேன். ‘நீ இழுத்துவிட்ட’ என்ற இடம் வரும்போதெல்லாம் அந்தப் படக்கென்ற சத்தம் காதில் கேட்டது.

என் மனைவி சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: “கை கெட்டது உங்களாலதான்னு சொல்லுதாராக்கும்?”

“சொல்லல. எழுதியிருக்கு.”

“அருவியிலயே ஓரமா நின்னு சொம்புல மோந்து ஊத்துத மனுசன். நீச்சலும் தெரியாது. கடலுக்குள்ள போயி என்ன செய்யப் போறீய?”

“கைதான் வேலைக்குப் போவுது. நான் அதுகூடப் போயிட்டு வாரேன்” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். பொங்கல் கழிந்து வருகிறேன் என்று நாள் குறித்துப் பதில் கார்டு போட்டேன். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், காய்ச்சிய நல்லெண்ணெய் இரண்டு பாட்டிலும், துணிப்பையில் சீயக்காய்த் தூளும், தின்பதற்கு முறுக்கும் கட்டிக்கொடுத்தாள். நானாக ஒரு சோடா பாட்டிலில் அருவித் தண்ணீர் பிடித்துத் தக்கை அடைத்து எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சிக்குக் கொடுக்கலாம் என்று ஓர் ஆசை.

திருநெல்வேலியிலும் மணியாச்சியிலும் ரயில் மாறி, ராத்திரி தூத்துக்குடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் கரைக்குப் போனேன். அண்ணாச்சியின் மச்சினன் காத்திருந்தார். அண்ணாச்சி கடலுக்குள் இறங்கும்போது மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர் அவர்தான். என் வயதுதான் இருக்கும். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

“நீருதான் குத்தாலமா? ஆளு சின்னதா இருக்கீரு. அத்தான் கையை ஒடிச்ச ஆளுன்னதும் நான் பயில்வான்னு நெனச்சேன்.”

நான் எண்ணெய் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். அன்று முதல் அங்கே என் பேர் குத்தாலம்.

இரண்டு மணி நேரம் பாய் விரித்து ஓடியது. தீவு என்றால் நம் மலை மாதிரி ஏதோ தண்ணீருக்கு நடுவில் எழுந்து நிற்கும் என்று நினைத்திருந்தேன். கிட்டப் போகிற வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளையாக ஒரு கோடு, அதன் மேல் பச்சையாக ஒரு கோடு. அரை மைல் நீளத்துக்கு ஒரு மணல்திட்டு. தாழம்புதரும் உடைமரமும் நாலைந்து பனையும். வள்ளம் நெருங்கியதும் மணல்முனையே எழுந்து பறந்தது போல ஆயிரக்கணக்கில் பறவைகள் கிளம்பிச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தன. தண்ணீருக்கு நிறமே இல்லை. இடுப்பளவு ஆழத்தில் வள்ளத்தின் நிழல் அடிமணலில் ஊர்வது தெரிந்தது. அந்த நிழலுக்குள் நீல வரி போட்ட மீன்கள் நுழைந்து வெளியேறின. அருவிக்கரையில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் வெள்ளை, இரைச்சல். சத்தமில்லாத தண்ணீரை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஓலைக்குடிசைகள் மூன்று. அண்ணாச்சி வெளியே வந்தார். இடது கையால் என் தோளைத் தட்டினார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் தண்டல் வந்தார். குட்டையான மனிதர், வெற்றிலை வாய், கழுத்தில் ஜெபமாலை.

“இவரா உம்ம குத்தால வைத்தியரு?”

வைத்தியர் இல்லை என்று சொன்னேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

“சரி, கேட்டுக்கிடும். இன்னைக்கு வியாழன். திங்கக்கிழமை வெடிய வள்ளம் பாருக்குப் போவுது. அதுக்குள்ள கை தூக்கிட்டா அவன் வாரான். இல்லன்னா வேம்பாத்துல ஒருத்தன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கான், அவன் வருவான். எனக்கு மனசில கோபம் ஒண்ணும் கெடையாது. ஒரு ஆளு முங்காம வள்ளத்துல சும்மா உக்காந்து வந்தா மத்தவன் சோறு கொறையும்.”

வேம்பாறு பக்கத்துக் கடற்கரை ஊர். சங்கு கிடக்கிற கடலடிப் பரப்பைத்தான் பார் என்றார். சொல்லிவிட்டுத் துப்பிவிட்டுப் போனார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சுற்றி வளைக்காத பேச்சு.

அண்ணாச்சியை உட்காரவைத்துத் தோளைத் தொட்டேன். நான் இழுத்ததுதான் காரணமா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. கட்டு இருந்தது தோள்பட்டைக்குப் பின்னால், அக்குளுக்குப் போகிற வழியில், நெல்லிக்காய் அளவில். ஆனால் இது இளகும் என்பது தொட்டதுமே தெரிந்தது. என் விரல் அதில் ஒருபோதும் தவறியதில்லை.

“சரியாயிரும் அண்ணாச்சி” என்றேன்.

“எப்பம்?”

“திங்கக்கிழமைக்குள்ள.”

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் இவ்வளவு உறுதியாக ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் முழுப் பாட்டில் எண்ணெயைச் செலவழித்தேன். தோளில் தொடங்கி, முதுகு, இரண்டு கை, இடுப்பு, கால் என்று குற்றாலத்தில் எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். வெயில் சாய்ந்தபோது அவர் உடம்பு வெண்கலச் சிலை மாதிரி மின்னியது. கையைத் தூக்கிப் பார்த்தார். காது வரைக்கும் வந்தது. அதுவரை அதுவும் நோகாமல் வந்ததில்லை.

“போங்க” என்றேன் பழக்கத்தில்.

“எங்கன போக?” என்று கேட்டார் அவர்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். அருவி இல்லை. இருபது வருஷமாக நான் எண்ணெய் தேய்க்கிறேன், ஒருவர் உடம்பிலிருந்தும் நான் எண்ணெய் எடுத்தது கிடையாது. அது என் வேலையே இல்லை. அருவியின் வேலை.

கடலில் இறங்கச் சொல்லிச் சீயக்காயைக் குழைத்துத் தேய்த்தேன். உப்புத் தண்ணீரில் சீயக்காய் சேறு மாதிரி திரண்டு உதிர்ந்தது. எண்ணெய் அப்படியே இருந்தது. குடிதண்ணீர் கரையிலிருந்து பீப்பாயில் வருகிறது. ஒரு சொம்பு கேட்டதற்கு, “அது குடிக்கதுக்கு” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார் தண்டல். அருவித் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். மச்சினன் அதைக் குடித்து முடித்திருந்தார். “என்னவே இது, சப்புன்னு இருக்கு. இதுக்கா அத்தான் வருசா வருசம் ரயிலேறுதாரு?” என்றார்.

“கெடக்கட்டும்லே. கொஞ்சம் எண்ணெ ஒட்டியிருந்தா என்ன செய்யும்?” என்றார் அண்ணாச்சி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் பக்கத்திலேயே ஐந்து பாக ஆழத்தில் அவர் ஒரு தரம் முங்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு பாகம் என்றால் இரு கையையும் விரித்த நீளம். நானும் வள்ளத்தில் இருந்தேன். கனமான கல்லில் ஒரு கயிறு. அதன் கண்ணியில் கால் வைத்து நின்றால் கல் ஆளைக் கீழே கொண்டுபோகும். போனதும் காலை எடுத்துவிட வேண்டும், கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். இடுப்பில் பை. சங்கு பொறுக்கியதும் இன்னொரு கயிற்றைத் தலைக்கு மேல் எட்டிப் பிடித்து, கைக்கு மேல் கை மாற்றி ஏறி வர வேண்டும். மேலே மச்சினனும் சேர்ந்து இழுப்பார். காதுக்கு மேல் எழும்பாத கை அங்கே எதற்கும் உதவாது என்பது அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பது எண்ணும்போது கயிறு ஆடியது. மச்சினன் இழுத்தார். பாதி வந்ததும் கயிறு திடீரென்று லேசாகிவிட்டது. மச்சினன் முகம் மாறிப்போயிற்று.

“விட்டுட்டாரு!”

கயிறு வெறுமையாக மேலே வந்தது. மினுமினுவென்று எண்ணெய் படிந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் நீரோட்டத்தோடு ஒரு தலை எழும்பி, வாயைத் திறந்து, மறுபடி அமுங்கியது. துடுப்பு போட்டுக் கிட்டப் போனோம். மச்சினன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார், வழுக்கியது. முழங்கையைப் பிடித்தார், அதுவும் வழுக்கியது. கடைசியில் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத்தான் உள்ளே தூக்கிப் போட்டார்கள். அண்ணாச்சி குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கினார். அவர் எழும்பிய இடத்தில் வானவில் நிறத்தில் எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“ஏலே குத்தாலம், பொரிச்சுத் திங்கவா எண்ணெ தடவின?” என்றார் மச்சினன். கேலியாக ஆரம்பித்து, பாதியில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

தண்டல் அவரை அதட்டி அடக்கினார். என்னிடம், “போதும்வே. மத்தியானம் தண்ணி எடுக்கப் படகு போவுது. நீரு அதுல கெளம்பும். வேம்பாத்தானுக்கும் அதுலயே சொல்லி விட்டிருதேன்” என்றார்.

கரையில் இறங்கினதும் அண்ணாச்சியை மட்டும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழம்புதருக்குப் பின்னால் போனேன். அவர் உடம்பிலிருந்து அந்த எண்ணெயை எடுக்காமல் நான் படகில் ஏறப்போவதில்லை. அதில் மட்டும் தெளிவாக இருந்தேன். அங்கே காற்றுப் படாத ஒரு பள்ளம் இருந்தது. மணலை அள்ளித் தோளில் போட்டுத் தேய்த்தேன். மணல் எண்ணெயைக் குடித்து உருண்டை உருண்டையாக விழுந்தது. மேல் மணல் தீர்ந்து பள்ளத்துக்கு நடுவில் கை விட்டேன். சுட்டது. உச்சிவெயில் நேரம். அந்தச் சூட்டோடு அள்ளி அவர் தோள்பட்டையில் வைத்து அழுத்தினேன்.

உள்ளங்கைக்குக் கீழே அந்த நெல்லிக்காய் அசைந்தது.

நான் நிறுத்தினேன். மறுபடி வைத்து அழுத்தினேன். மறுபடியும் அசைந்தது. குற்றாலத்தில் நான் பாதி வேலைதான் செய்கிறேன், மீதியை மேலேயிருந்து விழுகிற தண்ணீர் செய்கிறது என்று அந்தப் பள்ளத்தில்தான் எனக்குத் தெரிந்தது. இங்கே அந்த மீதியைச் செய்யக்கூடியது காலுக்கடியில் கிடந்தது.

“என்னலே செய்யுதே? நல்லாயிருக்கே!” என்றார் அண்ணாச்சி, கண்ணை மூடிக்கொண்டே.

மச்சினன் படகு கிளம்புகிறது என்று சொல்ல வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு நின்றார். அண்ணாச்சி நோகாமல் கையைத் தூக்கி உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினார். மச்சினன் பள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தினார். மணலில் துடுப்பு இழுத்த மாதிரி இரண்டு பக்கமும் ஒரு தடம் கடலிலிருந்து மேலே வந்து, திரும்பிப் போயிருந்ததைக் காட்டினார்.

“ஆமை ஏறின தடம். முட்டைய இந்த மண்ணுக்குள்ள போட்டு மூடிட்டுப் போயிரும். அடைகாக்கதெல்லாம் கெடையாது. குஞ்சு வரதுவரைக்கும் மண்ணுச் சூடுதான் தாயி” என்றார். பிறகு எழுந்து, “நான் தண்டல்கிட்ட சொல்லுதேன். நீரு நிறுத்தாதேயும்” என்று ஓடினார்.

என்ன சொன்னாரோ தெரியாது. அன்றைய படகு நான் இல்லாமல் போனது. ஆனால் தண்டல் வேம்பாற்றுக்காரனுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை விடிய அவன் வந்துவிடுவான். வள்ளத்தில் இடம் ஒன்றுதான்.

சனிக்கிழமை உச்சியில் அண்ணாச்சியைப் பள்ளத்தில் படுக்கவைத்து வலது தோளையும் முதுகையும் மணலால் மூடினேன். சூடு ஆற ஆற மாற்றினேன். மூன்று மணிக்கு மணலை விலக்கி, எண்ணெய் இல்லாமல் வெறும் கையால் கட்டைத் தடவிக் கீழே இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் பூசைக்குக் கரைக்குப் போனார்கள். அண்ணாச்சி போகவில்லை.

“சாமியாரு கேட்டா மண்ணுக்குள்ள கெடக்கேன்னு சொல்லுலே. அடக்கத்துக்கு ஆளனுப்பிராம” என்று மச்சினனிடம் கத்தினார்.

தீவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் கழுத்து வரைக்கும் மணலுக்குள் கடலைப் பார்த்துக் கிடந்தார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து ஓலையால் நிழல் பிடித்தேன். முகம் தெரியாததாலோ என்னவோ, நிறையப் பேசினேன். மரக்கடையைப் பற்றி, எட்டாம் வகுப்பு வாத்தியாரைப் பற்றி. செத்த சங்குகளுக்குள் குடியேறிய சின்ன நண்டுகள் அவர் நெஞ்சை மூடிய மணலின் மேல் வரிசையாக ஏறி இறங்கின. “சங்கு எடுக்கவன்னு தெரிஞ்சு வந்திருக்குவ. சோதனை போடுது” என்றார். அவருக்குச் சிரிப்பு வந்து மணல் வெடித்தது. நான் மறுபடி மூடினேன்.

பக்கத்தில் கடற்புல் வளர்ந்த இடத்தில் கன்றுக்குட்டி போல ஒன்று மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சுவிட்டுவிட்டு முங்கியது. “ஆவுளியா, கடல்பசு. புல்லுத் திங்க வந்திருக்கு. பேசாம இரி, சத்தம் கேட்டா போயிரும்” என்றார் மெதுவாக. அது மறுபடி எழும்பியபோது அதன் முதுகில் வெயில் பட்டது. எந்த அவசரமும் இல்லாத பிராணி. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் மணலும் சரியாக வேலை செய்தது.

சாயங்காலம் கட்டு கடுகளவாகிவிட்டது. கை தலைக்கு மேல் போனது. ஆனால் நின்றுகொண்டு தூக்குவது வேறு, தண்ணீருக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்து உடம்பைத் தூக்குவது வேறு.

திங்கட்கிழமை விடியும்போது வேம்பாற்றுக்காரன் வந்திருந்தான். நல்ல பையன். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான். அவனைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளினார் தண்டல். “மூணு முங்கு. மூணுலயும் கயித்தைப் பிடிச்சு ஏறணும். இல்லன்னா திரும்பி வந்து இவனை ஏத்திக்கிடுவேன்” என்றார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

பார் இருந்த இடம் ஏழு பாகம். நங்கூரம் போட்டார்கள். அடியில் கண்ணாடி பதித்த தகர டப்பா ஒன்று வள்ளத்தில் கிடந்தது. அதைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் அடி தெரியும். யாரிடமும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டேன். வள்ளத்தின் விளிம்பில் நெஞ்சை அழுத்திப் படுத்து, இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்துக் குனிந்தேன். நீச்சல் தெரியாது என்பது அப்போது நினைவில்லை.

கீழே ஓர் ஊரே இருந்தது. மூளை போல மடிந்த பாறைகள், மான்கொம்பு போலக் கிளைத்தவை, அவற்றுக்கு நடுவே மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்புவது. பக்கத்தில் சாம்பல் மணல். அண்ணாச்சி என் கண்ணுக்குக் கீழே கல்லோடு இறங்கிப் போனார். சின்னதாகிக்கொண்டே போய் மணலில் நின்றார். காலை எடுத்தார். கல் மேலே போனது. குனிந்து மணலைத் துழாவினார். ஒன்று. நகர்ந்தார். இன்னொன்று. இரண்டையும் இடது கையால்தான் எடுத்தார்.

பிறகு நிமிர்ந்தார். கயிறு அவர் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. வலது கை எழுந்தது. தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. முழுசாக நீண்டு கயிற்றைப் பிடித்தது. பிடித்த கை உடம்பை மேலே இழுத்தது.

வள்ளத்தில் அது வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். டப்பாவிலிருந்து தலையை எடுக்காமல், “வாராரு” என்றேன். நல்ல சத்தமாகவே வந்தது.

மூன்று முங்கிலும் ஏறி வந்தார். அதற்குப் பிறகு நான்காவது, ஐந்தாவது என்று யாரும் சொல்லாமலே இறங்கினார். தண்டல் ஒவ்வொரு சங்காக எடுத்து வட்ட ஓட்டை போட்ட பலகையில் வைத்துப் பார்த்தார். ஓட்டை வழியாக விழுந்துவிட்டால் அது குஞ்சு, கடலிலேயே திருப்பிப் போட வேண்டும். அண்ணாச்சி கொண்டுவந்ததில் ஒன்று விழுந்தது. தண்டல் அதைத் தண்ணீரில் எறிந்தார். மற்றவை நின்றன.

“வேம்பாத்தானுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பணும். பாவம், வெறும் வயித்தோட நிப்பான்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மச்சினன் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். நான் கடலில் விழப் பார்த்தேன்.

கரை திரும்பினதும் தண்டல் மணலில் உட்கார்ந்து வேட்டியைத் தொடை வரைக்கும் தூக்கினார். “ஏ குத்தாலம், இங்கன வாரும். இந்த முழங்காலைக் கொஞ்சம் பாரும். எண்ணெயை மட்டும் வெளிய எடுத்திராதேயும்.”

அதன் பிறகு யாராவது வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டால், குளிக்கிற தண்ணீர் எங்கே, எவ்வளவு என்று கேட்காமல் நான் பாட்டிலைத் திறந்ததில்லை.

அடுத்த ஆடியில் வள்ளத்துக்காரர்கள் எல்லாருமே குற்றாலத்துக்கு வந்துவிட்டார்கள். ஐந்தருவியில் கூட்டம் என்று பெரிய அருவிக்கே கூட்டி வந்தேன். நல்ல தண்ணீர். இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்காது. தண்டலுக்கு நானே தேய்த்தேன். எழுந்து நாலு அடி போனவர், அருவியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஏழு பாக ஆழத்துக்கு ஆளை இறக்குகிற மனிதர், மேலேயிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

நான் கல்லை விட்டு எழுந்து போய் அவருக்கு எதிரில், முகத்துக்கு நேராக நின்றேன்.

“தண்டல் அண்ணாச்சி, மூணு முங்கு. இல்லன்னா வேம்பாத்தானை வரச் சொல்லிருவேன்” என்றேன்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். தண்டலும்தான். அருவிக்குள்ளிருந்து ஒரு கை தலைக்கு மேலே நீண்டு வந்து அவரைப் பிடித்து உள்ளே இழுத்தது. அது வலது கை.